முற்றத்தில் தண்ணீர் வைக்கப் போகிறீர்களா?

நம்ம பெங்களூரு அபார்ட்மெண்ட்களில் முற்றத்துக்குத் தண்ணீர் என்றாலே கலர் லைட் ஃபவுண்டனுக்குத்தான் விலை கேட்கிறார்கள். அது கல்யாண மண்டபத்துக்குச் சரி. மனசு ஆறணும் என்றால் முதலில் சத்தத்தைக் கவனியுங்கள்.

தண்ணீர் விழும் உயரம் முழங்காலைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் இரைச்சல், பக்கத்தில் இருக்கும் பாட்டி பேசுவது காதில் விழாது. சொரசொரப்பான சாய்கல்லில் வழியவிட்டால் சலசலப்பு மட்டும் கேட்கும். முகலாயத் தோட்டங்களில் அந்தச் சாய்கல்லில் வரிவரியாகச் செதுக்கியிருப்பார்கள். கொஞ்சத் தண்ணீரே வெயிலில் மின்னிக்கொண்டு நிறையத் தெரியும்.

தொட்டி அடியில் நீல டைல்ஸ் எனக்குப் பிடிக்காது, நீச்சல்குளம் மாதிரி இருக்கும். கருப்புக் கடப்பைக் கல் போடுங்கள். ஒரு சாண் ஆழத்திலேயே வானமும் மரமும் தெரியும். ஆனாலும் தவழும் குழந்தையைத் தனியே விடாதீர்கள்.

பெஞ்சுக்கு முதுகுப்பக்கம் சுவரோ புதரோ வேண்டும். நட்டநடுவில் போட்டால் யாரும் நிம்மதியாக உட்கார மாட்டார்கள். இரண்டு பெஞ்சை 'ட' வடிவில் போட்டால், முகத்துக்கு முகம் பார்க்கத் தயங்குகிறவர்களும் பேச ஆரம்பிப்பார்கள். அருகில் ஒரு மரமல்லி, சாயங்கால வாசனைக்கு.

2024 மார்ச் தட்டுப்பாட்டில் அலங்கார ஃபவுண்டனுக்குக் குடிநீர் விட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அதனால் மழைநீர் சம்ப்பிலிருந்தே இணைப்புக் கொடுங்கள். மோட்டார் ஒரு வாரம் நின்றாலே கொசு கிளம்பிவிடும். நாலைந்து கப்பி மீனாவது விட்டு வையுங்கள்.