மதியம் இரண்டு மணிக்குள் மலையேறிவிடுங்கள்: சென்னையிலிருந்து ஐந்து நாள் மழைக்காலக் கார் பயணம்

சென்னைக்காரர்களுக்கு மழைக்காலம் என்றால் ஐப்பசியும் கார்த்திகையும்தான். வேளச்சேரியில் காரை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்தும் மாதங்கள். அருவி பார்க்கவும் அப்போதுதான் கிளம்ப வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஏலகிரி, ஏற்காடு, கொல்லிமலை மூன்றுக்கும் அந்தக் கணக்கு பொருந்தாது. இவை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தவை. தென்மேற்குப் பருவத்தின் பின்பாதியிலேயே, அதாவது ஆவணி, புரட்டாசியில், இங்கே நல்ல மழை உண்டு. அந்த மழைக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. பகல் வெயிலில் நிலம் சூடேறும், மதியத்துக்கு மேல் மேகம் திரளும், மாலையில் இடியோடு கொட்டும், பெரும்பாலும் நள்ளிரவுக்குள் ஓய்ந்துவிடும். மறுநாள் காலையில் மலை கழுவி வைத்ததுபோல் பச்சையாக இருக்கும், சாலை உலர்ந்திருக்கும், அருவியில் தண்ணீர் விழும்.

திட்டத்தின் அச்சாணி இதுதான்: மலைச்சாலையும் அருவியும் மதியம் 2 மணிக்குள் முடிய வேண்டும். அதற்கு மேல் கார் நின்றபடி நனையட்டும். நாளுக்கு நான்கு, ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டாதபடி தூரத்தைப் பிரித்தால் இது தானாக அமையும்.

எந்தக் கிழமை கிளம்புவது

ஞாயிறு காலை கிளம்பி வியாழன் திரும்புங்கள். வார இறுதிக் கூட்டம் மலையிலிருந்து இறங்கும்போது நீங்கள் ஏறுவீர்கள். அறையும் எளிதாகக் கிடைக்கும், வாடகையும் குறையும். ஞாயிறு மாலை செங்கல்பட்டிலிருந்து பெருங்களத்தூர் வரை ஊர்ந்து வரும் தண்டனையும் இல்லை. ஆடிப்பெருக்கை ஒட்டிக் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா நடக்கும். கூட்டம் வேண்டாம் என்றால் அந்த நாட்களைத் தவிர்க்கவும். ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே மாதம் முதல் இ-பாஸ் நடைமுறை இருக்கிறது. இந்த மூன்று மலைகளுக்கு அந்த வேலை இல்லை.

பாதை

முதல் நாள், சென்னை–ஏலகிரி, சுமார் 230 கி.மீ. காலை 6 மணிக்குக் கிளம்பலாம். ஸ்ரீபெரும்புதூர் முதல் வாலாஜாபேட்டை வரை அகலப்படுத்தும் வேலைக்காகப் போக்குவரத்தைச் சர்வீஸ் ரோட்டில் திருப்பிவிட்டிருக்கும் இடங்களில் தேங்கிய நீருக்கு அடியில் பள்ளம் இருக்கும். முன்னால் போகும் லாரியின் சக்கரம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துப் பின்தொடருங்கள். சிற்றுண்டியை வேலூரில் முடித்துவிடலாம். 11 மணிவாக்கில் ஆம்பூர் வரும். பிரியாணியைப் பார்சல் வாங்கி மலைமேல் சாப்பிடுவது நல்லது. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு 14 கொண்டை ஊசி வளைவு ஏறினால் பின்சீட்டில் இருப்பவர்கள் பாடு திண்டாட்டம். புரட்டாசியில் கிளம்புகிறவர்களுக்கு ஆம்பூர் வேறுவிதச் சோதனை. வாணியம்பாடி தாண்டிப் பொன்னேரி வழியாக ஏற்றம். வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் படித்துக்கொண்டே வருவார்கள்.

இரண்டாம் நாள், ஏலகிரி–ஏற்காடு. காலை 7 மணிக்கு இறங்கித் திருப்பத்தூர் வழியாக ஜலகாம்பாறை. மழை பெய்து சில நாள் ஆகிவிட்டால் இந்த அருவி இளைத்துவிடும். முந்தின மாலை மழை பெய்ததா என்று விடுதியில் கேட்டுவிட்டுப் போங்கள். அங்கிருந்து சேலத்துக்கு இரண்டு வழி. கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகப் போனால் தொப்பூர் கணவாயின் நீண்ட இறக்கத்தில் கனரக லாரிகளோடு சேர்ந்து இறங்க வேண்டும். பிரேக் பிடிக்காத லாரிகளால் பெயர் கெட்ட இடம், ஈரத்தில் இன்னும் மோசம். எங்கள் தேர்வு ஊத்தங்கரை, அரூர், மஞ்சவாடி கணவாய் வழி. வேகம் குறைவுதான், ஆனால் சேர்வராயனுக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே போகும் அந்தச் சாலைக்காகவே வரலாம். அயோத்தியாப்பட்டணத்தை நெருங்கும்போது மணி ஒன்றைத் தாண்டிவிட்டால் ஏற்காடு ஏறாமல் சேலத்தில் தங்கிவிடுங்கள். நேரம் இருந்தால் குப்பனூர் வழியாக ஏறலாம். கோரிமேடு பக்கத்துப் பிரதானப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள்.

மூன்றாம் நாள் முழுக்க ஏற்காடு. கிளியூர் அருவி ஏரியிலிருந்து சுமார் 3 கி.மீ., உயரம் ஏறத்தாழ 300 அடி. இங்கே ஒரு சூட்சுமம். ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் நீர்தான் அருவிக்கு வருகிறது. ஆகவே படி இறங்குவதற்கு முன் ஏரிக்கரையில் நின்று மறுகால் போகிறதா என்று பாருங்கள். போகவில்லை என்றால் கீழே ஈரப் பாறையைத்தான் பார்ப்பீர்கள். செங்குத்தான படிகள். இறங்க ஆகும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஏற என்று வைத்துக்கொள்ளுங்கள். மதியத்துக்கு மேல் காபித் தோட்டச் சாலையில் குடையோடு ஒரு நடை போதும்.

நான்காம் நாள், கொல்லிமலை. சேலம், ராசிபுரம், பேளுக்குறிச்சி, காரவள்ளி. மொத்தம் நூறு கிலோமீட்டர் சொச்சம்தான் என்றாலும் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்றத்துக்கு மட்டும் ஒன்றேகால் மணி நேரம் ஒதுக்குங்கள். பெட்ரோலைக் கீழேயே நிரப்பிவிடுங்கள். ஆகாயகங்கைக்கு அறப்பளீசுவரர் கோயிலருகே ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். மதியம் வந்து சேர்ந்துவிட்டு அன்றே இறங்காதீர்கள். அதை மறுநாள் காலைக்கு வைத்துக்கொண்டு, அன்று மாசிலா அருவி, நம்மருவி போன்ற சிறியவற்றில் முடித்துக்கொள்ளலாம். மூட்டுவலி உள்ளவர்களுக்கும் அவைதான் சரி. படியேறி வந்த காலுக்கு முடவாட்டுக்கால் கிழங்கு சூப் விற்பார்கள். மிளகு தூக்கலாக இருக்கும், அந்தக் குளிருக்கு இதம்.

ஐந்தாம் நாள் ஆகாயகங்கை முடித்து 11 மணிக்குள் மலையை விட்டு இறங்குங்கள். முள்ளுக்குறிச்சி பக்கம் இறங்கினால் ஆத்தூருக்குப் போகலாம். அங்கிருந்து கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் வழியாகச் சென்னை சுமார் 290 கி.மீ. ஐந்து மணி நேரக் கணக்கு மீறும் ஒரே நாள் இதுதான், ஓட்ட இரண்டு பேர் இருப்பது நல்லது. நான்கு நாள்தான் இருக்கிறது என்றால் ஏலகிரியை விடுங்கள், கொல்லிமலையை விடாதீர்கள்.

கார்: கிளம்புவதற்குப் பத்து நாள் முன்

முந்தின நாள் பார்த்தால் பாகம் வாங்க நேரம் இருக்காது.

டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சின்ன ரப்பர் மேடு தெரியும். டயர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்தால் பள்ளம் 1.6 மி.மீ. தான் மிச்சம், அது கடைசி எல்லை. ஈர மலைச்சாலைக்கு 3 மி.மீ. ஆவது வேண்டும். காற்றழுத்தம் டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுதான். மழைக்குக் காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்று சொல்பவர்கள் உண்டு, நம்பாதீர்கள். காற்று குறைந்த டயரின் நடுப்பகுதி உள்வாங்கும், தண்ணீரை வெளியே தள்ள முடியாமல் அதன் மேலேயே வழுக்கும். ஸ்டெப்னியிலும் காற்று பாருங்கள். நான்கு சக்கரத்தையும் பார்க்கும் ஆட்கள் மறப்பது அதைத்தான்.

வைப்பர் ரப்பர் சென்னை வெயிலிலேயே காய்ந்து வெடித்திருக்கும். முதல் மழை வரை தெரியாது. கண்ணாடியில் கோடு விட்டால் இரண்டையும் மாற்றுங்கள். புது ரப்பரும் கோடு விட்டால் கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் இருக்கிறது என்று பொருள். பாத்திரம் கழுவும் திரவம் நாலு சொட்டு, ஈரத்துணி, பிறகு நல்ல தண்ணீர்.

பிரேக் ஆயிலை மாற்றி இரண்டு வருடம் தாண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள். அது காற்றின் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். ஈரம் சேர்ந்த ஆயில் சீக்கிரம் கொதிக்கும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது உள்ளே ஆவிக் குமிழ் உண்டாகி, மிதி தரை வரை இறங்கும், கார் நிற்காது. நகரத்துக்குள் ஓட்டும்வரை இந்தக் குறை வெளியே தெரியவே தெரியாது.

கண்ணாடி மங்குவதற்கு இரண்டு காரணம், இரண்டு வைத்தியம். உள்பக்கம் மங்கினால் மூச்சின் ஈரம். ஏ.சி.யைப் போட்டு, காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பி, வெளிக்காற்று உள்ளே வரும்படி வையுங்கள். மலைக்குளிரில் அதோடு சூட்டுக் குமிழையும் கொஞ்சம் திருப்பலாம். சென்னையில் வாங்கிய நாள்முதல் தொடாத குமிழ் அதுதான். வெளிப்பக்கம் மங்கினால் ஏ.சி. கண்ணாடியை அளவுக்கு மீறிக் குளிரவைத்திருக்கிறது. வைப்பரை ஒரு தடவை ஓட்டி, குளிரைக் குறைத்தால் சரியாகிவிடும்.

மற்றபடி ஆளுக்கு இரண்டு துண்டு, டார்ச், கொஞ்சம் ரொக்கம், முன்கூட்டியே இறக்கிவைத்த வரைபடம். கொல்லிமலையில் பல இடங்களில் சிக்னல் இருக்காது. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் ஒன்றரை நாள் காயாது.

மலைச்சாலையில்

ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டியது இறங்கும் வண்டி. ஆனால் மேலிருந்து பேருந்து வளைவில் திரும்பிக்கொண்டிருந்தால் உரிமை பேசாதீர்கள். வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள், அதற்கு முழு அகலமும் வேண்டும். ஏற்றத்தில் இரண்டாம் கியர், வளைவு இறுக்கமாக இருந்தால் அதற்குள் நுழைவதற்கு முன்பே முதல் கியர். வளைவின் நடுவில் மாற்றினால் வண்டி திணறி நிற்கும். நின்றால் அரைக் கிளட்சில் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம், ஹேண்ட்பிரேக் போடுங்கள். கிளட்ச் கருகும் நாற்றம் கொல்லிமலையில் அடிக்கடி வரும், பெரும்பாலும் இந்தக் காரணத்தால்தான்.

இறங்கும்போது ஏறிய அதே கியர். நியூட்ரலில் விடுவதால் மிச்சமாகும் பெட்ரோல் பிரேக் பேட் விலைக்குக் காணாது. ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவல் முறைக்கோ 'எல்' நிலைக்கோ மாற்றுங்கள், 'டி'யில் விட்டால் முழுச்சுமையும் பிரேக்கில் விழும். பிரேக்கைத் தொடர்ந்து தேய்க்காமல், அழுத்தி வேகம் குறைத்து, விட்டுவிட வேண்டும். கருகல் வாடை வந்தாலோ மிதி இளகினாலோ அகலமான இடத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூட்டில் தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் கோணிவிடும்.

பனிமூட்டத்தில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணிலேயே அடிக்கும். லோ பீம் போதும், இடது ஓர வெள்ளைக்கோடு வழிகாட்டும். நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டு ஓட்டும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது.

தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடினால், அடித்தரை தெரியாதவரை இறங்கக் கூடாது. தேங்கிய நீரில் என்ஜின் நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. உள்ளே போன தண்ணீரைப் பிஸ்டன் அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளையும், என்ஜினையே பிரிக்க வேண்டிவரும்.

அருவியில்

உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிப்பதால் ஒன்றும் ஆகாது என்று எண்ண வேண்டாம். வெள்ளம் மேலே எங்கோ பெய்த மழையில் வருவது. 2021 அக்டோபரில் ஆத்தூர் அருகே முட்டல் ஆணைவாரி அருவியில் திடீர் வெள்ளத்தில் சிக்கிய தாயையும் குழந்தையையும் கயிறு கட்டி மீட்டார்கள். தண்ணீர் கலங்கிச் செம்மண் நிறமாக மாறுவது, சருகும் குச்சியும் மிதந்து வருவது, இரைச்சல் கனப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலே துண்டையும் செருப்பையும் எடுக்கப் போகாமல் பக்கவாட்டில் மேட்டில் ஏறுங்கள். ஓடையோடு கீழே ஓடக் கூடாது. அருவி நேராக விழும் இடத்தில் தலையைக் கொடுக்காதீர்கள், மழைக்காலத்தில் தண்ணீரோடு கல்லும் வரும். பாறைப் பாசிக்கு ரப்பர் செருப்பு ஆகாது, பின்பட்டை உள்ள சாண்டல் போடுங்கள். குளிக்கத் தடை என்று பலகை இருந்தால் காவலரிடம் பேரம் பேச வேண்டாம். எண்ணெய், ஷாம்பு வேண்டவே வேண்டாம்.

எப்போது ரத்து செய்வது

சென்னை வானிலை ஆய்வு மையம் மாவட்டவாரியாக எச்சரிக்கை வெளியிடும். கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 6.5 செ.மீ.க்கு மேல், மிக கனமழை என்றால் 11.5 செ.மீ.க்கு மேல். மஞ்சள் எச்சரிக்கை என்றால் 2 மணி விதியைக் கண்டிப்பாகப் பிடித்துப் போகலாம். ஆரஞ்சு என்றால் அன்று மலையில் ஏறவோ இறங்கவோ வேண்டாம், இருக்கும் இடத்தில் இருங்கள். சிவப்பு என்றால் பயணமே வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகையில் போவதானால் வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கரையைத்தானே கடக்கிறது, மலை தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போட முடியாது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் டிசம்பர் தொடக்கத்தில் உள்ளே நகர்ந்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. கொட்டியது. ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. மேலே சொன்ன இரண்டாம் நாள் பாதை அப்படியே இதில் அடங்கும். மலைமேல் இருக்கும்போது பாதை அடைபட்டால் விடுதியிலேயே ஒரு நாள் கூடுதலாகத் தங்குங்கள். அவசரத்துக்கு 108, 112.

வீடு திரும்பிய மறுநாள் கால்மிதிகளை எடுத்து, அடியில் இருக்கும் கம்பளத்தைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஈரம் இருந்தால் நான்கு கதவையும் திறந்து வெயிலில் நிறுத்துங்கள். விட்டுவிட்டால் ஏ.சி. போடும்போதெல்லாம் பூஞ்சை நாற்றம் வரும். காரின் அடிப்பக்கத்தையும் சக்கர வளைவுகளையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவச் சொல்லுங்கள், அங்கே ஒட்டிய செம்மண் ஈரத்தைப் பிடித்துவைத்துத் துருவைக் கொண்டுவரும்.