ஆட்டோ கியர்பாக்ஸ் ஓவராலிங்: கிளட்ச் பேக் திரும்ப மாட்டுறது எப்படி?

டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் சக்தியை ஆயில் வழியா கியர்பாக்ஸுக்குக் கடத்துற பாகம்) வச்ச ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை யார் வேணா பிரிச்சிரலாம், திரும்ப மாட்டுறதுலதான் வேலையே இருக்கு. அதுல கிளட்ச் பேக் மட்டும் இன்னைக்குப் பாப்போம், அதாவது ஒரு டிரம்முக்குள்ள பிளேட்டை அடுக்கி, ஆயில் பிரஷர்ல பிஸ்டன் அமுக்கிப் பிடிக்க வைக்கிற செட். ஏஎம்டி வண்டிக்கு இது பொருந்தாது, அது சாதா மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்ச்சையும் கியரையும் மட்டும் தானா மாத்திக்கும்.

முதல்ல புது ஃப்ரிக்‌ஷன் பிளேட்டை எல்லாம் ஒரு ட்ரேல போட்டு, அந்த வண்டிக்குன்னு சொல்லியிருக்கிற ஏடிஎஃப் (ஆட்டோ கியர்பாக்ஸ்) ஆயில்ல ஊற வைங்க, குறைஞ்சது அரை மணி நேரம், நான் முதல் நாள் ராத்திரியே போட்டுருவேன். காஞ்ச பிளேட்டை மாட்டுனா கிளட்ச் பிடிக்கிற முதல் சில தடவையிலயே லைனிங் கருகிரும். அது ஊறுறதுக்குள்ள டிரம்மைக் கழுவி ஏர் அடிச்சுக் காய வைங்க. காட்டன் வேஸ்ட், பனியன் துணி எதுவும் கிட்டயே வரக்கூடாது, ஒரு நூல் போய் வால்வ் பாடில (ஆயிலை எந்தப் பக்கம் அனுப்பணும்னு பாக்குற பாகம்) மாட்டுனாலும் வால்வு சிக்கிக்கும்.

அடுத்து பிஸ்டன் சீல். லிப் சீலா (ஓரத்துல உதடு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கிற ரப்பர் சீல்) இருந்தா அதோட உதடு ஆயில் பிரஷர் வர்ற பக்கத்தைப் பாத்து இருக்கணும். வாஸ்லினோ ஏடிஎஃப்போ தடவுங்க, சாதா கிரீஸ் வேண்டவே வேண்டாம், அது சரியா கரையாம சின்ன ஓட்டையைப் போய் அடைக்கும். பிஸ்டனை நேரா அமுக்காதீங்க, லேசா திருப்பிக்கிட்டே, ஃபில்லர் கேஜோட (கேப் அளக்கிற தகடு செட்) மெல்லிசு பிளேடால உதட்டை உள்ள ஒதுக்கிக் குடுத்தா தானா இறங்கும். பழகுன புதுசுல நான் ஸ்க்ரூ டிரைவரால தள்ளிட்டேன், உதட்டுல நகக்கீறல் அளவுக்குத்தான் வெட்டு, வண்டில ஏத்தி ரிவர்ஸ் போட்டா நகரவே இல்ல, மொத்தத்தையும் திரும்ப இறக்கவேண்டியதாப் போச்சு.

பிஸ்டனைத் திரும்பத் தள்ளுற ஸ்பிரிங்கை ஸ்பிரிங் கம்ப்ரஸர் டூல் போட்டு அமுக்கி சர்க்ளிப் (வெளிய வராம பிடிக்கிற வளைய க்ளிப்) மாட்டுங்க, கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

இப்ப பிளேட். பிரிக்கும்போது எடுத்த போட்டோவைப் பாத்து அதே வரிசையில ஒரு ஸ்டீல், ஒரு ஃப்ரிக்‌ஷன்னு மாத்தி மாத்தி அடுக்குங்க, கடைசில தடிமனான பிரஷர் பிளேட், அதுக்கு மேல சர்க்ளிப். சர்க்ளிப்புக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவுல ஃபில்லர் கேஜ் விட்டு கேப் அளந்து மேனுவல்ல இருக்கிற அளவோட ஒப்பிடுங்க. கம்மியா இருந்தா பிளேட் உரசிக்கிட்டே சுத்தி எரியும், அதிகமா இருந்தா கியர் லேட்டா விழுந்து உதைக்கும். சரி பண்ண வேற வேற தடிமன்ல சர்க்ளிப்போ பிரஷர் பிளேட்டோ கிடைக்கும்.

அப்புறம் ஏர் செக், இதை விட்டுறாதீங்க. ஆயில் போற ஓட்டையில 30லேர்ந்து 40 பிஎஸ்ஐ ஏர் குடுங்க, பக்கத்து ஓட்டையை விரலால அடைச்சுக்கோங்க. 'டொப்'புனு கனமா ஒரு சத்தம் வந்து பிளேட் இறுகுச்சுன்னா சீல் பிடிச்சிருக்கு, விடாம 'உஸ்ஸ்'னு காத்து போச்சுன்னா பிரிச்சுப் பாத்துட்டுத்தான் மேல போகணும்.

பாக்ஸ் மூடுன பிறகு கன்வெர்ட்டரை உள்ள தள்ளிக்கிட்டே சுத்துங்க, ரெண்டு மூணு தடவை 'டக்'னு இறங்கும். முழுசா உக்காராம போல்ட் போட்டு இழுத்தா ஆயில் பம்ப் உடைஞ்சிரும், அதனால ஹவுசிங் விளிம்புல நேர் ஸ்கேல் வச்சு கன்வெர்ட்டர் எவ்வளவு உள்ள போயிருக்குன்னு அளந்துட்டு வண்டில ஏத்துங்க.