வெயிலில் நெடுநேர ஓட்டம்: பாட்டிலில் எவ்வளவு உப்பு?

ஓடி முடித்துக் கறுப்பு பனியனைக் கழற்றிக் காயப்போட்டால் முதுகுப் பக்கம் வெள்ளை வெள்ளையாக வரி விழுந்திருக்கும். நாக்கில் வைத்தால் கரிக்கும். அதைப் பார்த்து, உடம்பிலிருந்த உப்பெல்லாம் போய்விட்டது என்று பதறி, அடுத்த ஓட்டத்துக்கு உப்பு மாத்திரை டப்பாவோடு கிளம்பியவன் நான். பதினெட்டாவது கிலோமீட்டரில் மூன்று மாத்திரைகளை இரண்டு மடக்குத் தண்ணீரில் விழுங்கினேன். கால் மணி நேரம் கழித்துச் சாலையோரம் குனிந்து நின்று அத்தனையையும் வாந்தியெடுத்தேன். உப்பு அடர்த்தியாக உள்ளே இறங்கினால், அதைக் கரைக்கக் குடல் உடம்பிலிருந்தே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். குமட்டாமல் என்ன செய்யும்?

எனக்கு எவ்வளவு வியர்க்கிறது என்பதே அன்று எனக்குத் தெரியாது. அதனால் அளப்பதிலிருந்து தொடங்குவோம்.

அதற்கு முன், இது யாருக்குத் தேவை? ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற ஓட்டத்துக்குத் தண்ணீரே போதும். வழக்கமான சாப்பாட்டில் உள்ள உப்பு மீதியைப் பார்த்துக்கொள்ளும். வெயிலில் இரண்டு மணி நேரத்தைத் தாண்டுபவர்கள், நிறைய வியர்ப்பவர்கள், துணியில் உப்பு பூக்கிறவர்கள் மேலே படியுங்கள். உயர் ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்களும், அவற்றுக்கு மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் கூடுதல் உப்பைத் தொட வேண்டாம்.

படி 1: வியர்வையை அளந்து கொள்ளுங்கள்

போட்டி நாளில் எப்படி வெயில் இருக்குமோ அப்படிப்பட்ட நேரத்தில், போட்டி வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடுங்கள். கிளம்பும் முன் சிறுநீர் கழித்துவிட்டு, உடைகளைக் களைந்து எடை பாருங்கள். எடுத்துப்போகும் பாட்டிலில் எத்தனை மில்லி இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் துண்டால் நன்றாகத் துடைத்துவிட்டு மறுபடி எடை. ஈரத் துணியோடு மெஷினில் ஏறினால் வியர்வையையும் சேர்த்தே நிறுப்பீர்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. முன்பு 62.4 கிலோ, பின்பு 61.8 கிலோ. குறைந்தது 600 கிராம். வழியில் குடித்தது 400 மில்லி. ஆக, ஒரு மணி நேரத்தில் வியர்த்தது 1 லிட்டர். இடையில் சிறுநீர் கழித்திருந்தால் அதைக் கழித்துவிடுங்கள். பெரும்பாலானோருக்கு இந்த எண் அரை லிட்டரிலிருந்து 2 லிட்டர் வரை எங்காவது இருக்கும். இந்த அகலத்தைப் பாருங்கள். நண்பர் குடிக்கிற அளவை நீங்கள் ஏன் குடிக்கக் கூடாது என்பது புரிந்துவிடும்.

படி 2: தண்ணீரின் அளவை முடிவு செய்யுங்கள்

வியர்த்தது அத்தனையையும் ஓடும்போதே திருப்பி ஊற்ற வேண்டியதில்லை. எடையில் சுமார் 2 சதவீதத்துக்குமேல் இழக்காமல் பார்த்துக்கொள்வது பரவலாகச் சொல்லப்படும் இலக்கு. மேலே சொன்ன ஆள் மணிக்கு 600 மில்லி குடித்தால், மூன்று மணி நேரத்தில் இழப்பது 1.2 கிலோ, 2 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. போதும். தாகத்தை மதித்து, சிறு மடக்குகளாகக் குடிக்க வேண்டும்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் தவறுகிற இடம் இதுதான். வியர்வை ரத்தத்தைவிட உப்புக் குறைந்தது. உப்பில் உள்ள சோடியத்தை வைத்துப் பார்த்தால், ரத்த நீரில் லிட்டருக்கு அது சுமார் 3.2 கிராம் இருக்கிறது. வியர்வையிலோ ஆளுக்கு ஆள் மாறினாலும் பெரும்பாலும் அரை கிராமிலிருந்து ஒன்றரை கிராம் வரைதான். அப்படியென்றால் வியர்க்க வியர்க்க ரத்தத்தில் உப்பின் செறிவு ஏறத்தான் செய்யும். அது இறங்குவதற்கு முக்கியக் காரணம், இழந்ததைவிட அதிகமாக நாமே தண்ணீரை ஊற்றிக்கொள்வது. ரத்தத்தில் சோடியம் இப்படி இறங்கிவிடுவதைத்தான் ஹைப்போநட்ரீமியா என்கிறார்கள், உயிரையே பறிக்கக்கூடியது. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓடி முடித்தபோது எடை கூடியிருந்ததே அதற்கு வலுவான அடையாளம். மாரத்தான் ஓடி எடை கூடுவதாவது! நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்கள், ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நின்று குடிக்க அவகாசம் இருந்தவர்கள், இதில் அதிகம் மாட்டிக்கொண்டார்கள்.

கடைகளில் கிடைக்கும் பானங்களிலும் சோடியச் செறிவு ரத்தத்தில் இருப்பதைவிட மிகக் குறைவு. ஆகவே உப்புப் போட்ட பானத்தையே அளவுக்கு மீறிக் குடித்தாலும் இந்த ஆபத்து போகாது.

படி 3: பானத்தைக் கலக்குங்கள்

ஒரு லிட்டர் தண்ணீர், ஒன்றரை கிராம் உப்பு, 40 முதல் 60 கிராம் சர்க்கரை, சுவைக்கு எலுமிச்சைச் சாறு. அவ்வளவுதான்.

தூள் உப்பானால் தலைதட்டிய கால் தேக்கரண்டி ஏறக்குறைய ஒன்றரை கிராம் வரும். கல் உப்பை அதே கரண்டியில் அளக்காதீர்கள். கற்களுக்கிடையே காற்றுதான் நிறைய இருக்கும். சமையலறை டிஜிட்டல் தராசு இருந்தால் கரண்டியை மறந்துவிடலாம். கலக்கியபின் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். லேசாக உப்புத் தெரிய வேண்டும். முகம் சுளித்தால் அளவு தப்பிவிட்டது.

சர்க்கரை எதற்கு? சிறுகுடல் சுவரில் உள்ள ஒரு புரதம் சோடியத்தையும் குளுக்கோஸையும் ஜோடியாகவே உள்ளே அழைத்துச் செல்கிறது; தண்ணீர் அவற்றின் பின்னாலேயே போகிறது. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். வேலை செய்வதும் இந்த வழியில்தான். ஆனால் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தையே ஓட்டத்துக்கு எடுத்துச் செல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் அதில் உண்டு. ஓடுகிற கால்களுக்கு அந்தச் சக்தி பற்றாது.

படி 4: லேபிளைப் படியுங்கள்

மாத்திரையோ பவுடரோ வாங்கினால், அதில் எழுதியிருப்பது சோடியமா உப்பா என்று பாருங்கள். ஒரு கிராம் உப்பில் சுமார் 390 மில்லிகிராம் சோடியம்தான். இரண்டையும் ஒன்றென நினைத்தால் இரண்டரை மடங்கு பிசகும். நம் பானத்தை மணிக்கு 600 மில்லி குடிப்பவருக்குச் சுமார் 350 மில்லிகிராம் சோடியம் கிடைக்கிறது. இழப்பு இதைவிட அதிகம்தான். உடம்பின் இருப்பும் அடுத்த வேளைச் சாப்பாடும் மீதியைச் சரிக்கட்டும். மாத்திரைதான் வேண்டும் என்றால் ஒவ்வொன்றாக, தாராளமான தண்ணீரோடு, முதலில் பயிற்சி நாளில்.

பொட்டாசியம் வியர்வையில் சொற்பம். மெக்னீசியம், கால்சியம் அதைவிடச் சொற்பம். பொட்டலத்தின் மேல் நீளப் பட்டியல் போட்டிருப்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

தசைப்பிடிப்புக்கு உப்புதான் மருந்து என்பது பாதி நம்பிக்கை. களைத்த தசைக்கும் நரம்புக்கும் இடையிலான கோளாறு அதில் பெரும் பங்கு வகிக்கிறது. பிடித்தால் வேகத்தைக் குறைத்து அந்தத் தசையை நீட்டி நில்லுங்கள்.

படி 5: அபாய அறிகுறிகளைத் தெரிந்து வையுங்கள்

வயிறு உப்புசம், விரல் வீங்கி மோதிரம் இறுகுவது, தலைவலி, வாந்தி, பேச்சுக் குழறல்: ஓடும்போது நிறையக் குடித்தவருக்கு இவை வந்தால் மேலும் தண்ணீர் கொடுக்காதீர்கள், உடனே மருத்துவ உதவி. உடம்பு அனலாகக் கொதித்து ஆள் குழம்பிப் பேசினால் அது வெப்ப மயக்கத்தின் உச்சம். குளிர்ந்த நீரில் உடம்பை அமிழ்த்துங்கள், முடியாவிட்டால் நீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். உப்பு உடம்பைக் குளிர்விக்காது. ஓட்டத்துக்கு முன்போ நடுவிலோ இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளும் வேண்டாம். அவை சிறுநீரகத்தின் வேலையைக் கெடுக்கும்.

ஒன்று பாக்கி. தொடர்ந்து பத்துப் பதினான்கு நாள் வெயிலில் பயிற்சி செய்தால் உடம்பு பழகிவிடும்: வியர்வை சீக்கிரமாகவும் கூடுதலாகவும் வரும், அதில் உப்பு குறையும். அதனால் இரண்டு வாரம் கழித்து மறுபடி எடை மெஷினில் ஏறுங்கள்; நோட்டில் இருக்கும் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதியதை எழுதுங்கள்.