சுவருக்குள் பெக்ஸ் பைப்: மடங்காமல், இணைப்பில்லாமல்

சுவருக்குள் தண்ணீருக்குப் பெக்ஸ் பைப் (வளைந்துகொடுக்கும் பிளாஸ்டிக் பைப்) கொண்டுபோவதாக இருந்தால், மேனிஃபோல்டிலிருந்து (தண்ணீரைப் பல குழாய்களுக்குப் பிரித்துவிடும் பகுதி) குழாய் வரை ஒரே துண்டாக ஓட்டிவிடுங்கள். கசிவு பெரும்பாலும் இணைப்பில்தான் வரும். பூசி மூடிய சுவருக்குள் அது வந்தால் உடைப்பதைத் தவிர வழியில்லை.

சுருளைப் பக்கவாட்டில் இழுக்காதீர்கள், முறுக்கு ஏறிவிடும். தரையில் உருட்டியபடியே பிரியுங்கள். நுனியில் டேப் சுற்றிவிட்டால் உள்ளே தூசி போகாது. அப்புறம், ஒருவர் தள்ள இன்னொருவர் இழுப்பதுதான் நல்லது. தனியாக வெடுக்கென்று இழுத்தால் மூலையில்தான் மடங்கும்.

வளைவில் அவசரமே கூடாது. வளைவின் ஆரம் பைப்பின் வெளிவிட்டத்தைப் போல 8 மடங்காவது இருக்கட்டும், 16 மி.மீ. பைப்புக்குச் சுமார் 13 செ.மீ. அவ்வளவு இடம் இல்லையா? வளைவுத் தாங்கி (பைப்பை வளைவில் மடங்காமல் பிடித்துவைக்கும் துண்டு) போடுங்கள். மடங்கிய இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்திருக்கும். பைப் பெக்ஸ்-ஏ வகை என்றால் ஹீட் கன்னால் மெல்லச் சூடாக்கினால் பழைய வடிவத்துக்குத் திரும்பும். பெக்ஸ்-பி வகை என்றால் அந்தத் துண்டை மாற்றத்தான் வேண்டும்.

பைப் நுழையும் துளையைக் கொஞ்சம் பெரிதாகவே போடுங்கள், வெந்நீரில் பைப் நீளும். சுவரை மூடுமுன் அழுத்தச் சோதனை கட்டாயம்.