ஜாக்கெட் தைக்கப் பழகுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என்னிடம் தையல் பழக வருபவர்களில் பலர், காடாத் துணியில் நேர்த்தையல் போடக் கை பழகியதுமே, சேலையோடு வந்த ஜாக்கெட் துணியை எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நின்றேன். நூல் கோப்பதிலும் பாபின் போடுவதிலும் நேரும் பிழைகளை இயந்திரமே இரண்டு நாளில் கற்றுக்கொடுத்துவிடும் என்பதால், அவற்றை விட்டுவிடுகிறேன்.

வழுக்கும் துணியில் தொடங்குவது

ஜார்ஜெட்டும் சாட்டினும் இப்போது வேண்டாம். பாப்ளினில் 3 ஜாக்கெட் தைத்த பிறகு தொடலாம்.

லைனிங் துணியை நனைக்காமல் வெட்டுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. என் தங்கையின் நிச்சயதார்த்தத்துக்குப் பாலியஸ்டர் கலந்த பட்டுச் சேலை எடுத்திருந்தோம். அதற்குப் பொருத்தமாக 1 மீட்டர் பருத்தி லைனிங்கை மாலையில் வாங்கி, அன்று இரவே வெட்டித் தைத்துவிட்டேன். விழாவன்று கச்சிதமாகப் பொருந்தியதால் ஊரே பாராட்டியது. முதல் முறை துவைத்துக் காய்ந்ததும், அதன் முன்பக்கம் பொரித்த அப்பளம்போல் புடைத்திருந்தது. கீழ்ப்பட்டி மேலே ஏறிவிட்டது. கைக்குழி அக்குளைக் கடித்தது.

"அக்கா, உள்ளே விட்ட துணியைப் பிரித்து விடேன்" என்றாள் தங்கை. இரு பக்கமும் பிரித்து விட்டேன். இடுப்பு தொளதொளத்ததே தவிர, ஏறிய பட்டி இறங்கவில்லை.

தறியில் பாவு நூல்கள், அதாவது துணியின் நீளவாக்கில் ஓடும் நூல்கள், இழுத்துக் கட்டப்பட்ட நிலையிலேயே துணி நெய்யப்படுகிறது. பிறகு கஞ்சி போட்டு இழுத்துக் காயவைக்கும்போதும் அந்த இழுப்பு துணியில் தங்கிவிடுகிறது. தண்ணீர் பட்டதும் பருத்தி இழை ஊறித் தளர்ந்து, இழுத்த நீளம் திரும்ப உள்வாங்கிக்கொள்கிறது. பாலியஸ்டரோ தண்ணீரை அவ்வளவாக உறிஞ்சுவதில்லை என்பதால் மேல்துணி அப்படியே இருக்க, உள்ளே லைனிங் மட்டும் சுருங்கி அதை இழுக்கிறது. குறுக்கே ஓடும் ஊடையைவிடப் பாவின் பக்கமே பெரும்பாலும் அதிகமாகச் சுருங்கும். ஜாக்கெட்டின் நீளமும் பாவின் போக்கில்தான் வெட்டப்படுகிறது. 14 அங்குல நீளத்தில் நூற்றுக்கு 4 பங்கு சுருங்கினாலே அரை அங்குலத்துக்கும் மேல் போய்விடும். நாம் உள்துணி விடுவது பக்கத் தையலில். அதை எவ்வளவு பிரித்தாலும் போன நீளம் திரும்பாது. கடைசியில் லைனிங்கை முழுவதும் பிரித்தெடுத்து, புதிதாக நனைத்த துணியை வைத்துத் தைக்க இரண்டு நாள் ஆயிற்று. பழைய தையலின் ஊசித் துளைகள் மட்டும் மேல்துணியில் அப்படியே நின்றுவிட்டன. மாற்றித் தைக்க வேறு துணியும் இல்லை, ஏனென்றால் சேலையோடு வந்தது 80 சென்டிமீட்டர்தான்.

லைனிங்கை வாங்கி வந்ததும் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்தி, லேசான ஈரம் இருக்கும்போதே பாவின் போக்கில் தேய்க்க வேண்டும். குறுக்கே இழுத்துத் தேய்த்தால் இழைகள் கோணலாகி, வெட்டிய துண்டு உடலில் திருகிக்கொள்ளும். ஊறும் தண்ணீரில் சாயம் இறங்குகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். அடர்சிவப்பு லைனிங்கை வெளிர்நிறத் துணிக்குள் வைப்பவர்களுக்கு இதை இரண்டு முறை சொல்கிறேன். இத்தனை சொல்லியும், "அவசரம் அக்கா" என்று ஒருவராவது நனைக்காத துணியோடு வந்துவிடுகிறார்.

அளவு ஜாக்கெட்டை அப்படியே நகலெடுப்பது

பல முறை துவைத்த பழைய ஜாக்கெட் சில இடங்களில் இழுபட்டும் சில இடங்களில் சுருங்கியும் இருக்கும்; போதாக்குறைக்கு, அதைத் தைத்தவரின் பிழைகளும் உங்கள் துணிக்கு வந்துவிடும். அதை ஒத்துப்பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, மார்புச் சுற்று, கைக்குழி, தோள் அகலம் ஆகியவற்றை உடலிலேயே அளந்து எழுதுங்கள். டேப்பைத் தன் உடலில் தானே பிடித்து அளப்பவர் கையைத் தூக்கும்போது மார்புச் சுற்று மாறிவிடும் என்பதால், இன்னொருவரை அளக்கச் சொல்வது நல்லது.

தேய்ந்த ஊசி

மாற்றுங்கள். மெல்லிய துணிக்கு 11-ஆம் எண் ஊசி, சாதாரணப் பருத்திக்கு 14-ஆம் எண்.

கழுத்தை முதலிலேயே முழு ஆழத்துக்கு வெட்டுவது

தோளை இணைத்ததும் கழுத்து விரிந்து, தோள்பட்டை நழுவத் தொடங்கும். அரை அங்குலம் குறைத்து வெட்டி, தோள்களை எளிதில் பிரிக்கக்கூடிய ஓட்டுத் தையலில் பிடித்து, உடலில் போட்டுப் பார்த்த பிறகே மீதியை வெட்ட வேண்டும்.