அம்மாவின் சிமிட்டல் ஏன் பதிவாகவில்லை

நவம்பரில் அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்துக்கான வாழ்நாள் சான்றிதழை (ஓய்வூதியம் பெறுபவர் உயிருடன் இருப்பதற்கான சான்று), 2021இல் அறிமுகமான முகச் சரிபார்ப்பு முறையில் வீட்டிலிருந்தே பதிவு செய்ய முயன்று நான்கு நாள்களை வீணாக்கினேன். இந்தச் சான்றிதழுக்கான ஜீவன் பிரமாண் செயலியையும், முகத்தை ஆதாருடன் சரிபார்க்க உதவும் ஆதார் ஃபேஸ் ஆர்டி செயலியையும் நிறுவியதும், இயக்குபவர் என்ற முறையில் என் முகம் முதல் முயற்சியிலேயே ஏற்கப்பட்டது. அம்மாவுக்கோ, கண்களைச் சிமிட்டச் சொல்லும் இடத்திலேயே ஒவ்வொரு முறையும் நேரம் முடிந்துபோனது.

இணைய இணைப்பை மாற்றினேன், செயலிகளை நீக்கி மீண்டும் நிறுவினேன், முன்பக்கக் கேமராவைத் துடைத்தேன், மூக்குக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன். பயனில்லை. ஆதாரிலுள்ள பழைய புகைப்படம்தான் காரணம் என்று எண்ணி, அதைப் புதுப்பிக்க அவரை ஆதார் மையத்துக்கு அழைத்துப் போகவும் இருந்தேன். ஆனால் படம் பொருந்தவில்லை என்றால், சிமிட்டலைத் தாண்டிய பிறகல்லவா நிராகரிக்க வேண்டும்?

ஐந்தாம் நாள் பக்கவாட்டில் நின்று பார்த்தபோதுதான் விளங்கியது. அம்மா கைப்பேசியை மடியில் வைத்துக் குனிந்து பார்த்ததால், வயதில் சற்றே தொங்கிவிட்ட அவருடைய இமைகள் எப்போதும் பாதி மூடியே தெரிந்தன. மூடுவதற்கும் திறப்பதற்கும் வேறுபாடே இல்லை. வேறொருவர் புகைப்படத்தைக் காட்டி ஏமாற்றிவிடாதிருக்கவே சிமிட்டல் கேட்கப்படுகிறது என்பதால், அசையாத கண்ணை ஏற்காதது சரியே. ஜன்னலைப் பார்த்தபடி, பின்னால் வெள்ளைச் சுவர் இருக்குமாறு அவரை உட்காரவைத்து, கைப்பேசியைக் கண் மட்டத்துக்குச் சற்று மேலே பிடித்து, மெதுவாக இமைகளை மூடித் திறக்கச் சொன்னேன். முகத்தைச் சுற்றிய வட்டம் பச்சையானது. சிறிது நேரத்தில் சான்றிதழின் அடையாளமான பிரமாண் எண் குறுஞ்செய்தியாக வந்தபோது பெரும் நிம்மதி.