மலைநாட்டு வண்டிக்கு வீல் எலைன்மன்ட்: மெஷினில் ஏற்றுவதற்கு முன்னும் பின்னும்

வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, முன் டயரின் ஓரம் மொட்டையாகிறது, நேரே ஓடும்போது ஸ்டியரிங் சாய்ந்து நிற்கிறது. இதில் எந்த முறைப்பாடு வந்தாலும் "எலைன்மன்ட் பண்ணுங்க" (சக்கரங்கள் நிற்கும் கோணங்களை அளந்து திருத்துங்க) என்று சொல்லி அனுப்பிவிடுவது வழக்கமாகிவிட்டது. ஹட்டன், தலவாக்கலை, வெலிமடை, அப்புத்தளைப் பக்கம் ஓடும் வண்டிக்கு அது அவசரப்பட்ட பதில். இங்கே கோணம் தானாக மாறுவது குறைவு. கோணத்தைப் பிடித்து வைத்திருக்கும் புஷ்ஷும் (ரப்பர் பொதிந்த வளையம்) போல் ஜொயின்டும் (உருண்டை மூட்டு) தளர்ந்து போவதுதான் அதிகம். ஆடுகிற சாமானை வைத்துக்கொண்டு எடுத்த அளவு, வண்டி ரேம்பை விட்டு இறங்கி முதல் தடவை பிரேக் மிதித்ததுமே பொய்யாகிவிடும்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ரம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும் வண்டி வழி நெடுக பிரேக்கில்தான் வருகிறது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னுக்குத் தள்ளப்படுகிறது, வண்டியின் உடல் முன்னுக்குப் போகப் பார்க்கிறது. வேகன் ஆர், ஆல்டோ, விட்ஸ், எக்சியோ போன்ற மெக்பர்சன் வண்டிகளில் (மேலே ஸ்பிரிங்கும் ஷொக்கும் ஒன்றான ஸ்ட்ரட் தூணும், கீழே லோவர் ஆம் என்ற கையும் சக்கரத்தைப் பிடிக்கும் வகை) இந்த இழுபறியின் பெரும்பங்கைச் சுமப்பது லோவர் ஆமின் பின்பக்கப் புஷ். அதன் ரப்பர் கிழிந்தால் பிரேக் மிதிக்கும்போது சக்கரம் சில மில்லிமீற்றர் பின்னுக்குப் போய்வரும். காஸ்டரும் (பக்கத்திலிருந்து பார்த்தால் ஸ்டியரிங் அச்சு முன்பின்னாகச் சாயும் கோணம்) டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பி நிற்கும் அளவு) அந்த நேரத்தில் மட்டும் மாறும். நிறுத்தி வைத்து அளந்தால் மெஷின் எல்லாம் சரி என்று பச்சையாகத்தான் காட்டும்.

முதலில் டயரைப் படியுங்கள்

ஜக் எடுப்பதற்கு முன் உள்ளங்கையை டயரின் மேல் குறுக்காக ஓட்டிப் பாருங்கள். வெளியிலிருந்து உள்ளே போகும்போது வழுவழுப்பாகவும், உள்ளிருந்து வெளியே வரும்போது வெட்டுவது போலவும் இருந்தால் டோ-இன் (சக்கரத்தின் முன்பக்கம் உள்நோக்கித் திரும்புவது) கூடிப்போயிருக்கிறது. தலைகீழாக இருந்தால் டோ-அவுட். தேய்மானம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கைக்குத் தெரிந்துவிடும்.

இரண்டு முன் டயரிலும் வெளி ஓரம் மட்டும் ஒரே அளவாக உருண்டு, கைக்கு வெட்டும் தெரியவில்லை என்றால் அது எலைன்மன்ட் கோளாறே அல்ல. கொண்டை ஊசி வளைவுகளில் டயர் தோளில் சாய்ந்து திரும்புவதால் வருவது. காற்று குறைவாக இருந்தால் இன்னும் வேகமாகத் தேயும். இதற்காக டோவை மாற்றிக் கொடுத்தால் உள் ஓரமும் சேர்ந்து போகும். 5,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை முன் டயரைப் பின்னுக்கு மாற்றுவதும், காற்றைச் சரியாக வைப்பதுமே இதற்கு மருந்து.

காற்றைப் பற்றி ஒரு விஷயம். "கொழும்பில் அடித்த காற்று நுவரெலியா குளிரில் இறங்கிவிடும்" என்று சொல்வார்கள். குளிரில் குறைவது உண்மைதான். ஆனால் மேலே வளிமண்டல அழுத்தமும் குறைவு என்பதால் கேஜ் கூட்டிக் காட்டும். 30 பாகை வெயிலில் 30 பி.எஸ்.ஐ. அடித்துவிட்டு 12 பாகைக் குளிருக்குப் போனால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றையொன்று ஈடுசெய்து, கேஜ் 30க்குப் பக்கத்திலேயே நிற்கும். எங்கே அடித்தாலும் டயர் ஆறியிருக்கும்போது அடிப்பதுதான் முக்கியம். மலை இறங்கி வந்த சூட்டில் அளந்து காற்றை இறக்கினால் மறுநாள் காலையில் டயர் தொய்ந்து கிடக்கும்.

ஆட்டம் பார்ப்பது

முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் வையுங்கள். மணிக்கூட்டின் 12க்கும் 6க்கும் கை வைத்து ஆட்டினால் வரும் ஆட்டம் போல் ஜொயின்டிலிருந்து வரலாம், ஹப் பெயாரிங்கிலிருந்தும் வரலாம். இன்னொருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பெயாரிங். நிற்காவிட்டால் போல் ஜொயின்ட், அல்லது ஸ்ட்ரட்டின் மேல் மவுன்ட். 9க்கும் 3க்கும் கை வைத்து ஆட்டும்போது மட்டும் தட்டினால் டை ரொட் எண்ட் அல்லது ரெக் எண்ட் (ஸ்டியரிங் ரெக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் ரொட்டின் வெளி மூட்டும் உள் மூட்டும்). ரெக் பூட்டின் (ரெக் முனையை மூடும் ரப்பர் உறை) மேல் விரலால் அழுத்திப் பிடித்தபடி ஆட்டினால் தட்டு உள்ளேயா வெளியேயா என்று விரலுக்கே தெரியும்.

லோவர் ஆமின் பின் புஷ்ஷுக்கு இந்த முறை போதாது. சக்கரம் தரையில் இருக்க, குழியில் இறங்கி, ஆமுக்கும் அது பூட்டப்படும் சப் பிரேமுக்கும் இடையில் நீளமான கடப்பாரையைக் கொடுத்து முன்னும் பின்னும் நெம்புங்கள். ரப்பர் கொஞ்சம் அசைவது இயல்பு. ரப்பரும் உலோகமும் பிரிந்து வாய் திறப்பது தெரிந்தால் மாற்ற வேண்டும். ஆம் முழுதாக மாற்ற வசதியில்லாமல் புஷ் மட்டும் அடிப்பதென்றால், பழைய புஷ்ஷின் ரப்பரில் உள்ள வெற்றிடம் எந்தத் திசையில் இருந்தது என்று ஆமில் பெயின்ட் குறி போட்ட பிறகே பிரஸ்ஸில் வையுங்கள். புதியதும் அதே திசையில் போகவேண்டும். திருப்பி அடித்த புஷ் சில மாதம்கூடத் தாங்காது.

இதைவிடப் பரவலான தவறு ஒன்று உண்டு. சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே ஆமின் போல்டை இறுக்கிவிடுவது. அப்படி இறுக்கினால் ஆம் கீழே தொங்கும் நிலையில் ரப்பர் பூட்டப்படுகிறது. வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கேறி நிற்கும். ஒவ்வொரு குழியிலும் இன்னும் முறுகி சீக்கிரமே கிழியும், வண்டியும் கொஞ்சம் உயர்ந்து நிற்கும். போல்டை ஒட்டும் அளவுக்கு மட்டும் பிடித்துவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, முன்பக்கத்தை மூன்று நான்கு தடவை அமுக்கி விட்டபின் கடைசி இறுக்கு கொடுங்கள். குழியும் இல்லை, ரேம்பும் இல்லை என்றால் போல் ஜொயின்டுக்குக் கீழே ஜக் வைத்து, வண்டி ஸ்டாண்டிலிருந்து இலேசாகக் கிளம்பும்வரை தூக்கி அந்த நிலையில் இறுக்கலாம்.

அடுத்தது உயரம். ஹப் நடுவிலிருந்து மட்காட் விளிம்பு வரை நான்கு சக்கரத்திலும் அளவு எடுங்கள். இடமும் வலமும் 10 மி.மீ.க்கு மேல் வித்தியாசப்பட்டால் ஸ்பிரிங்கைப் பாருங்கள். கீழ்ச்சுற்று உடைந்து தட்டிலேயே உட்கார்ந்திருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. தோட்டத்து லயத்துப் பாதைக்கு என்று ஸ்பிரிங் சுற்றுக்குள் ரப்பர் வைத்து உயர்த்திய வண்டியாக இருந்தால் அதைக் கழற்றுவதா வைத்திருப்பதா என்று சொந்தக்காரரிடம் கேட்டு முடிவெடுத்த பிறகே எலைன்மன்ட். ரப்பர் போனால் உயரம் மாறும், உயரம் மாறினால் டோவும் கேம்பரும் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே சாயும் கோணம்) மாறும்.

இழுக்கிறது என்றால்

டோ தவறினால் டயர் தேயும், ஸ்டியரிங் சாயும். வண்டி ஒரு பக்கமாக இழுக்காது, ஏனென்றால் முன் டோவை இரு சக்கரமும் சமமாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. டோவைத் திருகி இழுப்பை நிறுத்தப் பார்ப்பது வீண் வேலை.

முதலில் முன் டயர் இரண்டையும் இடம் வலமாக மாற்றி ஓட்டிப் பாருங்கள். இழுப்பு திசை மாறினால் குற்றம் டயரில். மாறாவிட்டால் மலை இறங்கி வந்தவுடன் நான்கு ரிம்முக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய் சூட்டைப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தப் பிரேக் விடாமல் பிடித்திருக்கிறது, பெரும்பாலும் கலிப்பர் (பிரேக் கவ்வி) நழுவும் ஊசி இறுகியிருக்கும். இரண்டும் இல்லை என்றால்தான் கேம்பர், காஸ்டர். வண்டி கேம்பர் அதிகமாகப் பிளஸ்ஸில் (மேற்பக்கம் வெளியே சாய்ந்து) இருக்கும் பக்கமும், காஸ்டர் குறைந்த பக்கமும் இழுக்கும். இடமும் வலமும் 0.5 பாகைக்கு மேல் வித்தியாசம் இருந்தால் காரணத்தைத் தேடுங்கள்.

நம் ரோட்டில் தண்ணீர் ஓடுவதற்காக ஓரம் கானை நோக்கிச் சரிந்திருக்கும். இடதுபக்கம் ஓட்டும் வண்டி கொஞ்சம் இடதுக்குப் போவது இயல்பு. மட்டமான ரோட்டில், அல்லது ஒரே துண்டு ரோட்டில் போகவும் வரவும் ஓட்டிப் பார்த்தபின் தீர்ப்புச் சொல்லுங்கள்.

மெஷின் இல்லாத இடத்தில் அளப்பது

மலைச்சரிவில் கட்டிய கராஜின் தரை மட்டமாக இருக்காது. மேசன் பாஸ்மார் பிடிக்கும் தண்ணீர்க் குழாயால் நான்கு சக்கரம் நிற்கும் இடத்தையும் மட்டம் பார்த்து, தாழ்ந்த இடத்துக்குத் தகடு வையுங்கள். இடம் வலம் 3 மி.மீ. வித்தியாசம் இருந்தாலே கேம்பர் 0.13 பாகை பொய் சொல்லும். முன் சக்கரத்துக்குக் கீழே இரண்டு தகட்டுக்கு நடுவில் கிரீஸ் பூசி வையுங்கள். இல்லாவிட்டால் டயர் தரையைப் பிடித்துக்கொண்டு திரும்பாது.

ஸ்டியரிங்கை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை திருப்பிச் சுற்றை எண்ணி, பாதியில் நிறுத்திக் கட்டுங்கள். வண்டியின் இரு பக்கமும் ஹப் உயரத்தில் நூல் கட்டுங்கள். முன்னும் பின்னும் ஹப் நடுவிலிருந்து நூலுக்குள்ள தூரம் இடதும் வலதும் ஒன்றாக இருக்கவேண்டும். முன் அச்சும் பின் அச்சும் ஒரே அகலம் இல்லாததால் முன் தூரமும் பின் தூரமும் வேறுபடலாம், அது பிழை அல்ல. இப்போது ரிம்மின் முன் விளிம்பிலிருந்தும் பின் விளிம்பிலிருந்தும் நூலுக்கு அளவு எடுங்கள். முன் விளிம்பின் அளவு கூடுதலாக இருந்தால் டோ-இன். சக்கரத்தை அரைச் சுற்று உருட்டி மறுபடி அளந்து சராசரி எடுத்தால் ரிம் நெளிவு கணக்கிலிருந்து போய்விடும்.

சிறிய முன்சக்கர இழுவைக் கார்களில் மொத்த டோ பெரும்பாலும் பூச்சியத்தை ஒட்டியே வரும். சரியான எண்ணை அந்த மொடலின் புத்தகத்தில் பாருங்கள். 165/65 ஆர் 14 டயரின் விட்டம் சுமார் 570 மி.மீ. டயர் முகத்தில் அளந்து மொத்தம் 4 மி.மீ. தவறு என்றால், ஒவ்வொரு டயரும் கிலோமீற்றருக்கு மூன்றரை மீற்றர் பக்கவாட்டில் அரைபடுகிறது.

கேம்பருக்கு ரிம்மின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் நேரான அலுமினியச் சட்டத்தை வைத்து டிஜிட்டல் கோணமானி பிடிக்கலாம். அதே மானியால் காஸ்டரும் கிடைக்கும். பிரேக்கைப் பிடித்து வைத்து, சக்கரத்தை 20 பாகை உள்ளே திருப்பி ஒரு கேம்பர், 20 பாகை வெளியே திருப்பி ஒரு கேம்பர். இரண்டின் வித்தியாசத்தை 1.5ஆல் பெருக்குங்கள்.

எண்கள் எந்தச் சாமானைக் காட்டுகின்றன

கானுக்குள் விழுந்து எழுந்த வண்டியில் மெஷின் காட்டும் ஸ்டியரிங் அச்சுச் சாய்வையும் (முன்னிருந்து பார்த்தால் ஸ்டியரிங் அச்சின் மேல்முனை உள்ளே சாயும் கோணம்) கேம்பரையும் சேர்த்துப் படிக்கவேண்டும். அச்சுச் சாய்வு சரி, கேம்பர் மட்டும் குறைவு என்றால் நக்கிள் (ஹப்பைத் தாங்கும் துண்டு) அல்லது ஸ்ட்ரட் வளைந்திருக்கிறது. அச்சுச் சாய்வு குறைந்து கேம்பர் கூடியிருந்தால் லோவர் ஆம் வளைவு, அல்லது ஸ்ட்ரட் மேல்தளம் வெளியே போயிருக்கிறது. அச்சுச் சாய்வு கூடி கேம்பர் குறைந்தால் மேல்தளம் உள்ளே வந்திருக்கிறது. இரு பக்கமும் முன் ஹப்புக்கும் பின் ஹப்புக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். ஒரு பக்கம் குட்டையாக இருந்தால் அந்த ஆம் பின்னுக்கு வளைந்திருக்கிறது. வளைந்த ஆமைச் சூடாக்கி நிமிர்த்தாதீர்கள். நல்ல ரீகண்டிஷன் ஆம் போடலாம், அதிலும் புஷ்ஷைப் பார்த்து வாங்குங்கள்.

டோ நேராக நிற்கும்போது சரி, ஆனால் கொண்டை ஊசி வளைவில் மெதுவாகத் திரும்பினாலும் டயர் கீச்சிடுகிறது என்றால் நக்கிளின் ஸ்டியரிங் கை வளைந்திருக்கலாம். ஒரு சக்கரம் 20 பாகை உள்ளே திரும்பும்போது மற்றது எத்தனை பாகை திரும்புகிறது என்று இரு பக்கமும் ஒப்பிடுங்கள்.

திருத்தும் வரிசை

பின் அச்சு முதலில். விட்ஸ், ஃபிட் போன்ற டோர்ஷன் பீம் (இரு பின் சக்கரத்தையும் ஒரே குறுக்குச் சட்டம் இணைக்கும்) வண்டியில் பின்னால் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் பீம் வளைந்து உந்துகோணம் (பின் சக்கரங்கள் வண்டியைத் தள்ளும் திசை) சாய்ந்திருந்தால் முன்னால் என்ன செய்தாலும் வண்டி நண்டு போல ஓடும். அடுத்து காஸ்டர், கேம்பர். மெக்பர்சனில் ஸ்ட்ரட்டும் நக்கிளும் சேரும் இரண்டு போல்டின் ஓட்டைத் தளர்வில் ஹப்பைத் தள்ளிப் பிடித்து இறுக்கினால் கொஞ்சம் கேம்பர் கிடைக்கும். ஓட்டையை அரத்தால் பெருப்பிக்காதீர்கள், தண்டு மெலிந்த கேம்பர் போல்ட் கிடைக்கிறது.

டோ கடைசியில். பூட் கிளிப்பைத் தளர்த்தாமல் டை ரொட்டைத் திருகினால் பூட் முறுகிக் கிழியும். பிட்ச் (மரை இடைவெளி) 1.5 மி.மீ. உள்ள ரொட்டில் கால் சுற்று, டயர் முகத்தில் ஏறக்குறைய 2 மி.மீ. இரு பக்கமும் வெளியே தெரியும் மரை நீளம் 1.5 மி.மீ.க்கு மேல் வேறுபடக் கூடாது. வேறுபட்டால் ஒரு பக்கம் திரும்பும் வட்டம் பெரிதாகும். முன் அச்சுக்குப் பின்னால் ரெக் உள்ள வண்டியில் நேரே ஓடும்போது ஸ்டியரிங் வலதுக்குச் சாய்ந்து நின்றால், இடது ரொட்டை நீட்டி வலது ரொட்டை அதே அளவு குறையுங்கள். லொக் நட்டை இறுக்கியபின் மறுபடி அளவு பாருங்கள், இறுக்கும்போது ரொட் சுழன்றிருக்கும்.

ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் உள்ள அக்குவா, பிரியஸ் போன்றவற்றுக்கு ஸ்கேனரில் ஸ்டியரிங் கோணத்தின் பூச்சியத்தையும் சரிபார்க்கவேண்டும். சக்கர நட் டொயோட்டாவின் சிறிய கார்களில் 103 நியூட்டன் மீற்றர். டோர்க் ரென்ச்சால் குறுக்கு வரிசையில் இறுக்கி, 100 கிலோமீற்றர் ஓடியபின் மறுபடி பாருங்கள். வெளியே மெஷினுக்கு அனுப்பினால் செய்வதற்கு முந்தியதும் பிந்தியதுமான இரண்டு அச்சுத்தாளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.